வழியோரத்தின் பங்கு: நன்கொடை நடை பற்றி ஒரு மதிப்பீடு

நன்கொடைக்காக நடப்பது ஒரு வடிவம். நடப்பவர் இத்தனை கிலோமீட்டர் நடப்பதாக வாக்குக் கொடுக்கிறார். உற்றாரும் உடன் வேலை செய்வோரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் ஒப்புக்கொள்கிறார்கள். சேர்ந்த தொகை ஒரு மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ போகிறது. நோக்கம் நல்லது என்ற ஒரே காரணத்தால் இந்த வடிவத்தை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. நல்ல கருத்து இருக்கிறது என்பதற்காக மோசமான கவிதையை மன்னிக்கக் கூடாது என்று இலக்கிய வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தருமத்துக்கும் அதே கண்டிப்பு பொருந்தும்.

இப்போது இந்த நடைக்குக் குடும்பத்தோடு போகும் வழக்கம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே நிறச் சட்டையில் பெற்றோரும் பிள்ளைகளும், நகரத்தை விட்டு வெளியே ஒரு கிராமத்துப் பாதை. திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ இருப்பவர் அப்படியொரு பாதை தேடினால் தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்கள் இயல்பாகவே கண்ணில் படும். ரயிலில் வந்து இறங்கலாம். ரப்பரும் வாழையும் மரவள்ளியும் மாறி மாறி வரும். செங்கல், அமரவிளை, தனுவச்சபுரம், காரக்கோணம், பனச்சமூடு என்று ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் ஊர்கள். நடக்க இதமான நிலம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நான் இந்த நிலத்தை எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. ஒன்றைக் கேட்டுக்கொண்டு நடப்பது என்ற செயலை இந்த நிலத்தின் வழியே போகும் சாலை பலமுறை பார்த்திருக்கிறது. புதிதாக வரும் நடையை ஒப்பிட்டுப் பார்க்க இங்கே முன்மாதிரிகள் இருக்கின்றன. அவை இல்லாத ஊரில் எந்த நடையும் அழகாகத்தான் தெரியும்.

இறக்குமதியான வடிவத்தின் வரலாறு அதிகம் விரிக்கத் தக்கதல்ல. கனடாவில் 1967இல் தொடங்கிய ‘மைல்ஸ் ஃபார் மில்லியன்ஸ்’ நடைகளில் பள்ளிப் பிள்ளைகள் மைல் கணக்குக்குப் பணம் வாங்கி நடந்தார்கள். ஹாங்காங்கில் 1981இல் கூர்க்கா படையினரின் பயிற்சியாகப் பிறந்த ‘ட்ரெயில்வாக்கர்’ 1986இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நால்வர் அணி, 100 கிலோமீட்டர், 48 மணி நேரம் என்ற அதன் சட்டகம் பிறகு பல நாடுகளுக்குப் போனது. நம் பெருநகரங்களில் 2004இல் மும்பை தொடங்கிவைத்த மாரத்தான் பண்பாடு இதற்கு உறவுக்காரர். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு: கொடுப்பவர் பாதையில் இல்லை. அவர் தொலைவில் இருக்கிறார். பெறுபவரும் பாதையில் இல்லை. பாதையில் இருப்பவர் நடப்பவர் மட்டுமே. பாதையோரத்து ஊர், காட்சி. இந்த வடிவத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரே அமைப்பிலிருந்துதான் பிறக்கின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிடுவது நியாயம். ‘கொடு’ என்று நேரே கேட்க நாணுகிறவர்களுக்கு இது ஒரு சாக்கு. கேட்பவர் தானும் ஏதோ பாடுபடுகிறார் என்பதால் கொடுப்பவரின் மனம் இளகுகிறது. சிறு தொகைகள் பலரிடமிருந்து சேர்கின்றன. ஒரு பணக்காரரின் கருணையை நம்பி நிறுவனம் நிற்க வேண்டியதில்லை. இவை சாதாரணச் சாதனைகள் அல்ல. ஆனால் இந்தக் காரியம் நடைபெற நடைதான் வேண்டுமா? நீந்தினாலும் சைக்கிள் மிதித்தாலும் இதே பணம் வரும். எந்த உறுப்பை எடுத்தாலும் முழுமை குலையாத படைப்பை நாம் தளர்ந்த கட்டமைப்பு என்போம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற நடை அந்த வகை. அதில் நடை என்பது அளவுநாடா.

இதே சாலையின் பழைய நடைகளுக்கு வருவோம்.

வைக்கம் போராட்டத்தின்போது, 1924 நவம்பரில், இரண்டு ஜாதாக்கள் திருவனந்தபுரம் நோக்கி நடந்தன. வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒன்று. தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் மற்றொன்று. நாகர்கோவிலிலிருந்து தலைநகருக்குப் போகும் சாலை பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் தொட்டுத்தான் போகிறது. வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்க வேண்டும் என்ற மனுவில் சாதி இந்துக்களான சவர்ணர்களின் கையொப்பங்கள் 25,000 அளவுக்குச் சேர்ந்தன. நவம்பர் 13 அன்று அது ரீஜன்ட் மகாராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. திறனாய்வுக் கண்ணுக்கு இந்த நடை ஏறக்குறையக் குறையற்றது. கேட்கப்பட்டது வழி, கேட்ட முறை, வழியில் நடப்பது. நோக்கமும் செயல்முறையும் ஒன்றில் ஒன்று கரைந்திருக்கின்றன. தங்களுக்கு ஏற்கெனவே திறந்திருந்த தெருவைப் பிறருக்கும் திற என்று கேட்டவர்கள் நடந்தார்கள். ஆகவே நடந்தவர்களுக்கு இழப்பதற்கும் ஏதோ இருந்தது. சேர்ந்தது எவ்வளவு என்று எண்ணிக்கை இருந்தது, யாரிடம் எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டது என்பதும் பதிவானது. பலன் மட்டும் கிட்டவில்லை. 1925 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் அதே கோரிக்கையை முன்வைத்த தீர்மானம் 21க்கு 22 என்று ஒரே வாக்கில் தோற்றது. தோல்வி வடிவத்தின் குறை அல்ல. வெற்றியைக் கொண்டு ஒரு நடையை மதிப்பிடுவது, விற்ற பிரதிகளைக் கொண்டு நாவலை மதிப்பிடுவதற்குச் சமம்.

அடுத்தது சிக்கலானது. பூதான இயக்கத்தை நடத்திய வினோபா பாவே தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஓராண்டு நடந்து, கன்னியாகுமரிக் கடற்கரையில் கிராம சுயராஜ்யம் வரும்வரை ஓய்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, 1957 ஏப்ரலில் பாறசாலை வழியாகக் கேரளத்துக்குள் வந்தார். எல்லைக்கோட்டுக்கு அப்போது வயது ஐந்து மாதம். திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்ட வட்டங்களில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்திருந்தன. அதே கோரிக்கையில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. நிலத்தைப் பங்கிடுவது பற்றி இந்த மக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்ற நேரத்தில், நிலத்தைத் தானமாகக் கேட்டு ஒருவர் அவர்களுடைய சாலையில் வந்தார்.

பூதானத்தின் செயல்முறையில் நடைக்கு இன்றியமையாத இடம் உண்டு. நிலம் ஊரில் இருக்கிறது; நிலம் உள்ளவரும் நிலம் இல்லாதவரும் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களை முகத்துக்கு முகம் நிறுத்த வேண்டுமானால் கேட்பவர் அந்த ஊருக்கு வந்தாக வேண்டும், அங்கே ஒரு இரவாவது தங்க வேண்டும். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்றோர் கேட்டதும், வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கரைத் தருவதாக எழுந்து சொன்னதும் ஒரே கூட்டத்தில் நடந்தன. நான் முன்பு சொன்ன இறக்குமதி வடிவத்துக்கு இது நேர் எதிர். கொடுப்பவர், பெறுபவர், கேட்பவர் மூவரும் பாதையில் நிற்கிறார்கள். கருத்தளவில் இதைவிட ஒத்திசைவான நன்கொடை நடை உலகில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கில்தான் அது சறுக்கியது. 1957க்குள் 5 கோடி ஏக்கர் என்பது இயக்கம் தனக்கே விதித்துக்கொண்ட இலக்கு. அந்த ஆண்டு வந்தபோது வாக்களிக்கப்பட்ட நிலம் அதன் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. வாக்களிக்கப்பட்டதிலும் பாறையும் தரிசும் வழக்கில் சிக்கியதும் ஏராளம். பட்டா மாறி உழுபவர் கைக்கு வந்தது அதிலும் ஒரு பகுதியே. நடப்பவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பத்திரம் எழுத யாராவது பின்தங்கி இருக்க வேண்டும். அந்தப் பின்தங்கும் வேலைக்கு இயக்கம் போதிய ஆளும் கவனமும் தரவில்லை. நடையின் அழகே நடையின் பகையானது.

வினோபா கேரளத்துக்குள் வந்த அதே மாதத்தில் இன்னொரு ஒப்பீடும் கிடைக்கிறது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அமைச்சரவை 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்றது; ஏப்ரல் 11 அன்று குத்தகைதாரரையும், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. ஒருவர் நடந்து கேட்டதை மற்றவர் ஒரு தாளில் ஆணையிட்டார். சட்டமே மேல் என்று உடனே தீர்ப்பெழுதிவிட ஆசை வரும். பொறுக்க வேண்டும். அந்த ஆணையில் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தின் முழுப் பயன் ஆட்சிக் கலைப்பையும் நீதிமன்றங்களையும் தாண்டி 1970 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிப் பகுதியில் குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் வரை கிடைத்தது அப்போதுதான். ஆனால் வந்தபோது அது எல்லா ஊருக்கும் வந்தது, கேட்காதவருக்கும் வந்தது. தானம் அதைச் செய்யாது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை நன்கொடையாகக் கேட்டு நடக்கும் எந்த நடைக்கும் இந்தக் குறை உடன்பிறந்தது. இந்தப் பக்கங்களில் மீண்டும் அது தலைகாட்டும்.

வினோபாவின் தோல்வியிலிருந்து பாடம் கற்றவர்கள் தமிழ்நாட்டில் உண்டு என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அவரோடு நடந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, கிழக்குத் தஞ்சையில் நிலத்தைத் தானமாக எதிர்பார்ப்பதை விட்டுப் பேரம் பேசி வாங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் பதிந்தார்கள். நடையை விடவில்லை, ஆனால் பதிவு அலுவலகத்தை நடையின் முடிவிடமாக வைத்தார்கள். அது திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு.

எங்கள் பகுதியின் மிகப் பழைய நடை வைக்கம் ஜாதாவோ வினோபாவின் நடையோ அல்ல. மாசி சிவராத்திரியில் நடக்கும் சிவாலய ஓட்டம், பாறசாலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு கோயில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடியும். நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய ட்ரெயில்வாக்கரின் அதே தூரம் என்பதைக் கவனித்துக்கொண்டு மேலே போகலாம். கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று சைவத் தலங்களுக்கு ஓடுகிறவர்களை வழியோர வீடுகள் சும்மா விடுவதில்லை. மோரும் பானகமும் சுக்கு நீரும் கஞ்சியும் கொடுப்பதை அந்த வீடுகள் தங்கள் முறையாகவே எண்ணுகின்றன. புரட்டாசியில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகும்போதும் வழியோரம் இதே போல வீட்டு வாசலில் விளக்கேற்றி எழுந்து நிற்கிறது.

இந்த நடைகளை நன்கொடை நடை என்று யாரும் அழைப்பதில்லை. அவை பணம் திரட்டுவதில்லை. தேவைப்படுகிறவருக்கு எதையும் கொண்டு சேர்ப்பதும் இல்லை. பக்தியை நலப்பணியாகக் காட்டும் மிகை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு நுட்பத்தை அவை கச்சிதமாக அறிந்திருக்கின்றன: கொடுத்தல் பாதையில் நிகழ்கிறது, பாதையோரத்தவரால் நிகழ்கிறது. நடப்பவர் அங்கே வாங்கிக்கொள்பவர். ஒரு தம்ளர் மோரை இரு கையால் வாங்கும்போது அவருடைய தோரணை சற்று இறங்குகிறது. இறக்குமதி வடிவம் நடப்பவரைக் கொடையாளியாக உயர்த்துகிறது. உள்ளூர் வடிவம் அவரை விருந்தாளியாகத் தாழ்த்துகிறது. எந்த நடை மனிதரை அதிகம் மாற்றும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

காந்தி இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. 1933 நவம்பரில் தொடங்கிய அவருடைய ஹரிஜன நிதிப் பயணம் 1934 ஜனவரியில் திருவிதாங்கூருக்கும் வந்தது. ரயிலும் காருமாக ஓடிக்கொண்டிருந்தவர் அந்த மே மாதம் ஒரிசாவில் வாகனத்தை விட்டு இறங்கி, புரியிலிருந்து கால்நடையாகப் போனார். வாகனத்தில் போனால் கூடுதல் ஊர்களைத் தொடலாம், கூடுதல் பணம் திரட்டலாம் என்பது வெளிப்படை. அதைத் தெரிந்தே நிதியின் அளவைவிடக் கேட்கும் முறைக்கு எடை கொடுத்தார். நிதி திரட்டுவோர் இன்றும் தயங்கும் முடிவு அது.

சமகாலத்தில் தமிழ் நிலத்தைத் தொட்ட தரமான நன்கொடை நடை என்றால் இலங்கையின் ‘ட்ரெயில்’ நடையைத்தான் சொல்வேன். 2011 ஜூலையில் தெற்கு முனையான தெவுந்தரையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீட்டர். நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று நடத்தினார்கள். திரண்டது 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். அதில் எழுந்தது யாழ்ப்பாணம் தெல்லிப்பழையின் புற்றுநோய் மருத்துவமனை. சிகிச்சைக்குக் கொழும்பை ஒட்டிய மகரகமைக்குப் போய்க்கொண்டிருந்த வடபகுதியாருக்கு வீட்டருகே ஒரு கட்டடம். 2016இல் திசையைத் திருப்பிப் பருத்தித்துறையிலிருந்து தெவுந்தரைக்கு நடந்தார்கள், இம்முறை காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்காக.

இதன் முதல் நிறை, பாதைக்குப் பொருள் இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆன நிலையில் தெற்கிலிருந்து வடக்கே நடப்பது எதேச்சையான தடம் அல்ல. வேறு எந்தத் திசையில் நடந்தாலும் அது வேறு நடை. இரண்டாவது நிறை, பணம் ஒரே பொருளாகக் கண்ணில் நிற்கிறது. கணக்கைக் காட்டக் கட்டடத்தையே காட்டலாம். ஒரு நாள் மட்டும் கலந்துகொள்ளவும் குடும்பங்களுக்கு இடம் இருந்தது. குறைகளும் உண்டு. பெருநிறுவனங்களின் தோள் இல்லாமல் அந்தத் தொகை திரண்டிருக்காது; ஆகவே சிறு தொகைகளின் குடியாட்சி என்ற பெருமையை இங்கே முழுமையாகக் கோர முடியாது. அரசு கட்ட வேண்டிய மருத்துவமனையை நடந்து கட்டுவது அரசை அதன் கடனிலிருந்து கழற்றிவிடுகிறதா என்ற கேள்வி எஞ்சுகிறது. 1957இன் நிழல் இங்கே மறுபடி விழுகிறது. கைகோத்து நடந்ததாலேயே நல்லிணக்கம் வந்துவிட்டதாகத் தோன்றவைக்கும் சுலபமும் அதில் இருந்தது. இருந்தும் நிறை கனமானது. பாதையும் பயனும் ஒன்றையொன்று விளக்கும் நடை அரிது, அது விளக்கியது.

இந்த ஒப்பீடுகளின் வெளிச்சத்தில் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருவோம்.

பிள்ளைகளை அழைத்துப் போவதில் ஐயத்துக்கு இடமில்லாத நன்மை உண்டு. நெய்யாறு எங்கே ஓடுகிறது, ரப்பர் மரத்தில் பட்டை எப்படிச் சீவுகிறார்கள், ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று பள்ளிப் பேருந்தில் போகும் பிள்ளை அறிவதில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் டீக்கடையில் தானே போய்த் தண்ணீர் கேட்டு வாங்கும் பிள்ளை பெறுவது பாடப்புத்தகத்தில் கிடைக்காது. நாராயண குரு 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புரம் நெய்யாற்றின்கரைக்கு அருகில்தான். நடந்து போய்ச் சேரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஆண்டு மறக்காது.

ஆனால் பிள்ளையைப் பணம் கேட்பவராக நிறுத்தும்போது வடிவம் கோணலாகிறது. மாடிவீட்டு மாமாவிடம் ஆறு வயதுச் சிறுமி தாளை நீட்டினால் அவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பதைக் கொடை என்று சொல்வது கடினம். கிலோமீட்டர் கணக்கோ இதைவிட மோசம். நான்காவது கிலோமீட்டரில் பிள்ளைக்குக் கால் வலித்தால் நோயாளிக்குப் போகும் பணம் குறைய வேண்டுமா? நோயாளியின் தேவைக்கும் பிள்ளையின் கெண்டைக்காலுக்கும் என்ன தொடர்பு? இந்த அபத்தம் வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம், நடைமுறையில் எல்லோரும் முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் கணக்கே வேண்டாம். மொத்தமாக ஒரு தொகை ஒப்புக்கொள்ளட்டும். பிள்ளை களைத்தால் உட்காரட்டும்.

செலவையும் வரவோடு ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டை, பதாகை, பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில், கூட வரும் வேன், மதியச் சாப்பாடு. இவற்றைக் கூட்டி, திரட்டிய தொகையிலிருந்து கழித்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லாத நடை, கணக்கைப் பொறுத்தவரை, இன்னும் நடக்கவில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது என்பது போன்ற சிறு விதிகள்கூடப் பல ஏற்பாட்டாளர்களுக்குச் சுமையாகத் தெரிகின்றன. கையொப்பங்களைச் சேர்த்து, நாள் குறித்து ஒப்படைத்த 1924இன் ஒழுங்கு இன்று ஒரு கைபேசி கையில் இருப்பவருக்கு ஏன் இயலாது என்று எனக்கு விளங்கவில்லை.

கணக்கைச் சரிசெய்துவிடலாம். பாதைதான் உண்மையான சோதனை. தேசிய நெடுஞ்சாலை 66இல் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளை நடத்துவது பாதுகாப்பற்றது என்பதால் உள்சாலைக்கு வருகிறார்கள். உள்சாலை பசுமையாக இருக்கிறது என்பதால் அதையே பாதையாக்குகிறார்கள். பசுமை ஒரு காரணமே அல்ல. இந்த எல்லையில் நடக்கக் காரணமுள்ள பாதைகள் இருக்கின்றன. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்து வயல்களுக்காக மாநில எல்லையைத் தாண்டி வெட்டப்பட்டது. 2004இலிருந்து அந்தப் பக்கம் தண்ணீர் போகவில்லை. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் கால்வாய்க் கரையில், தண்ணீர் உள்ள பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்துக்குக் குடும்பத்தோடு நடக்கிறவர் எங்கே நடக்கிறோம் என்று அறிவார். ஆனால் ஒன்று: வழக்கிலிருக்கும் உரிமைக்கு உண்டியல் குலுக்க முடியாது. அந்த நடைக்குப் பொருத்தமான சேகரிப்பு 1924இன் கையொப்பமே தவிர, பணமல்ல.

பணம் திரட்டத்தான் நடக்கிறோம் என்றால் அதற்குப் பொருந்தும் களமும் இங்கே தயாராக இருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு வீட்டுக்கே போய் வலி தணிக்கும் சேவையில் கேரளம் இந்தியாவுக்கு முன்னோடி. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரின் சிறு நன்கொடையாலும் தன்னார்வலராலும் நடக்கும் வலைப்பின்னலானது. 2008இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. ஊராட்சிகளுக்கு அதில் பங்கு வந்தது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் நிறுவிய ‘பாலியம் இந்தியா’ இதே பணியில் இருக்கிறது. ஜனவரி 15ஐக் கேரளம் வலிதணிப்புச் சிகிச்சை நாளாகக் கொண்டாடுகிறது. இந்தச் சேவையின் தன்மையே வீடு வீடாகப் போவது. இதற்காக நடக்கும் நடையில் கால்களுக்கும் பணத்துக்கும் இடையே கடைசியில் ஓர் உறவு பிறக்கிறது: செவிலியர் நடக்கும் அதே தெருக்களில் நடக்கலாம், அந்தத் தெருக்களிலேயே கேட்கலாம், சேர்ந்ததை அந்த ஊராட்சியின் பணிக்கே கொடுக்கலாம். கொடுப்பவர், பெறுபவர், நடப்பவர் மூவரும் மறுபடி ஒரே பாதையில். வினோபாவின் ஒத்திசைவும், பத்திரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத எளிமையும் ஒன்றாக வாய்க்கின்றன. நோயாளியின் வாசலில் பிள்ளைகளோடு நின்று படம் எடுக்கக் கூடாது என்பதை ஒரு தரக்கட்டுப்பாடாகவே எழுதிவைக்க வேண்டும். அந்தப் படம் இல்லாமல் நடக்க மனமில்லாதவருக்கு இந்த நடை தேவையில்லை.

என் மதிப்பீடு இது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நகரத்து நண்பர்களிடம் வாங்கி, பசுமைக்காகப் பாறசாலைப் பக்கம் வந்து, மதியத்துக்குள் திரும்பும் குடும்ப நடை, ரசீதோடு கூடிய உல்லாசப் பயணம். தீங்கில்லை; பாராட்டவும் ஒன்றுமில்லை. அதில் திரளும் பணத்தை வீட்டிலிருந்தே அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையை நேர்மையாக உல்லாசத்துக்கு வைத்துக்கொள்வது மேல். வழியோரத்து ஊரைக் கொடுப்பவராகவோ பெறுபவராகவோ சேர்த்துக்கொண்ட நடை, சேரும் தொகை சிறிதானாலும், வடிவத்தில் உயர்ந்தது. இரண்டில் எது உங்களுடையது என்று அறிய எளிய வழி உண்டு: கணக்கை எங்கே ஒட்டப் போகிறீர்கள்? நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் என்றால் முதல் வகை. வரவு, செலவு, ஒப்படைத்த நாள் மூன்றையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, நடந்த ஊர்களின் வாசகசாலையிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டுங்கள். ஒட்டத் தயாராக இருந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள்.